அட்வான்ஸ் ஏன் முழுசா திரும்பி வர்றதில்ல: காசு யார் கையில, அலைச்சல் யார் தலையில

வாடகை வீட்ட காலி பண்ணினா அட்வான்ஸ திருப்பித் தரணும்னு அக்ரிமென்ட்ல தெளிவா எழுதியிருக்கு. சந்தாவ எப்ப வேணா நிறுத்திக்கலாம்னு எல்லா ஆப்பும் கொட்டை எழுத்துல போடுது. பொருள் சரியில்லன்னா மாத்தித் தருவோம்னு பில்லோட அடியிலயே இருக்கு. ஆனா அட்வான்ஸ்ல ஒரு பகுதி வராமலே போயிடும், சந்தா நிக்காம காசு எடுத்துக்கிட்டே இருக்கும், பொருள மாத்தப் போனா "சர்வீஸ் சென்டர்ல கேளுங்க"ம்பாங்க. இதப் பாத்துட்டு சட்டம் இருந்து என்ன புண்ணியம்னு சலிச்சுக்கறவங்க நிறைய பேரு. ஆனா அதே அட்வான்ஸ் சில ஊர்கள்ல ரெண்டு வாரத்துல திரும்பி வருது, அங்க ஓனருங்க எல்லாம் மகான்கள்னு அர்த்தம் இல்ல, விதி வேற இடத்துல கைய வெச்சிருக்கு, அவ்ளோதான்.

ஒரு பணத் தகராறுல ரெண்டு விஷயம் தெரிஞ்சா முக்கால்வாசி முடிவு தெரிஞ்ச மாதிரி. தகராறு முடியற வரைக்கும் காசு யார் கையில இருக்கு? அதுக்காக அலைய வேண்டியது யாரு? இந்த ரெண்டையும் பிடிச்சுக்கிட்டா வாடகை வீட்டுலேர்ந்து பெரிய கம்பெனி ஒப்பந்தம் வரைக்கும் ஒரே கதை தான் ஓடுதுன்னு புரியும்.

முதல்ல சில வார்த்தைகள்

1. அட்வான்ஸ், அதாவது செக்யூரிட்டி டெபாசிட். பேரு தான் அட்வான்ஸ், முன்கூட்டியே கட்டின வாடகை கிடையாது. ஓனர்கிட்ட இருந்தாலும் அது குடியிருக்கறவரோட காசு. வாடகை பாக்கி, சேதம் மாதிரி காரணம் இருந்தா மட்டும் தான் அதுல பிடிக்கலாம்.

2. சாதாரண தேய்மானம். மனுஷன் குடியிருந்தா வீடு கொஞ்சம் பழசாகும். வெயில்ல பெயின்ட் வெளுக்கறது, நடந்து நடந்து தரை மங்கறது எல்லாம் இதுல வரும். இதுக்குத் தான் மாசாமாசம் வாடகை வாங்கறாங்க. கதவ உடைச்சது, சுவத்துல பெரிய பொத்தல் போட்டது இதெல்லாம் சேதம், அது தனி.

3. அச்சடிச்ச ஒப்பந்தம். ஒரு பக்கம் மட்டும் எழுதி நீட்டறது, இன்னொரு பக்கம் கையெழுத்து போடலாம் இல்லன்னா கிளம்பலாம், பேரம் பேச எடமே இல்ல. ஆப்ல "ஒத்துக்கறேன்"னு தட்டறோமே, அதுவும் இது தான்.

4. நிரூபிக்கற பொறுப்பு. ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு சொல்றாங்க, ஆதாரம் யார்கிட்டயும் சரியா இல்ல, அப்ப யார் தோக்கறது? யார் தலையில இந்தப் பொறுப்பு இருக்கோ அவங்க தான்.

5. டீஃபால்ட். ரெண்டு பக்கமும் ஒண்ணுமே செய்யாம சும்மா இருந்தா என்ன ஆகும்ங்கறது. அஞ்சுலயும் இது தான் முக்கியம், ஆனா யாரும் கவனிக்கறதில்ல.

சாவி குடுக்கற நாள்

கீழ வண்டி நிக்குது, சாமான் பாதி ஏறியாச்சு, ஓனர் ரூம் ரூமா போயி பாக்கறாரு. ஹால்ல கடிகாரம் மாட்டின ஆணி ஓட்டை, சோஃபா உரசின கறுப்புக் கோடு, பாத்ரூம் குழாய்ல ஒரு சொட்டு. "பெயின்டர வரச் சொல்லியிருக்கேன் சார், அவன் பாத்துட்டு எவ்ளோன்னு சொல்லட்டும், மிச்சத்த அனுப்பிடறேன்." சரின்னு சொல்லி சாவியக் குடுத்துடறாங்க, வண்டிக்காரன் வேற ஹாரன் அடிக்கறான்.

அங்க கை மாறினது சாவி மட்டும் இல்ல. வீடு குடியிருக்கறவர் கையில இருந்த வரைக்கும் ஓனருக்கு ஒரு அவசரம் இருந்துச்சு. சாவி போனதும் வீடும் அவர்கிட்ட, காசும் அவர்கிட்ட. இதுக்கப்புறம் பெயின்டர் வராம இருக்கலாம், வந்தும் பில்லு தராம இருக்கலாம், ஓனர் போன எடுக்காம இருக்கலாம், அவர் ஒண்ணுமே செய்யலன்னா கூட காசு அவர்கிட்டயே தான் இருக்கும். மோசமான ஆளா இருக்கணும்னு அவசியமே இல்ல, சும்மா இருந்தாலே போதும்.

இந்தப் பக்கம் கணக்குப் போட்டுப் பாருங்க. பிடிச்சது அட்வான்ஸ்ல கால்வாசின்னு வெச்சுக்கலாம். அத வாங்க நோட்டீஸ் அனுப்பணும், லீவு போடணும், பழைய ஏரியாவுக்கு திரும்பத் திரும்ப போகணும், புது வீட்டு செலவு வேற கழுத்த நெரிக்குது. மூணாவது தடவை போன் பண்றப்பவே மனசு விட்டுப் போயிடும். நியாயம் நம்ம பக்கம் இருக்குன்னு நூறு சதவீதம் தெரிஞ்சும் விட்டுடறாங்கன்னா, விலை கட்டுப்படியாகலன்னு அர்த்தம்.

இதத் தெரிஞ்சவங்க ஒரு வேலை பண்றாங்க. கடைசி ஒண்ணு ரெண்டு மாச வாடகையத் தராம "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ம்பாங்க. சட்டப்படி இது வாடகை பாக்கி, ஓனர் இதையே காரணமா காட்டி கேஸ் போடலாம், அதனால நல்ல யோசனைன்னு சொல்ல முடியாது. ஆனா ஏன் பண்றாங்கன்னு பாருங்க, காசு யார் கையிலங்கறத தகராறு வர்றதுக்கு முன்னாடியே மாத்திடறாங்க. ஓனருங்களுக்கும் இது தெரியும், அதனால அடுத்து வர்றவங்ககிட்ட இன்னும் அதிகமா அட்வான்ஸ் கேக்கறாங்க.

ஓனருக்கும் நிஜமான பயம் உண்டு, அத இல்லன்னு சொல்ல முடியாது. வாடகை தராம, காலியும் பண்ணாம உக்காந்துட்டா வெளியேத்த மாசக்கணக்குல, சில நேரம் வருஷக்கணக்குல இழுக்கும். அப்ப வீடு யார் கையிலயோ அவங்க சும்மா இருக்கலாம், அலையறது ஓனர். அதே நோய், ஆள் தான் வேற.

பெயின்ட் கணக்கு

அதிகமா சண்டை வர்ற எடம் இது, ஆனா கணக்கு ரொம்ப எளிசு. ஒரு பெயின்ட் அஞ்சு வருஷம் தாங்கும்னு வெச்சுக்குங்க. புது பெயின்ட் அடிச்ச வீட்டுக்கு வந்து மூணு வருஷம் இருந்தீங்க, குழந்தை க்ரேயான வெச்சு ஒரு சுவர முழுசா நாசம் பண்ணிடுச்சு. இது சேதம் தான், மறுக்க முடியாது. ஆனா அந்தப் பெயின்ட்டுல மிச்சம் இருந்த ஆயுசு ரெண்டு வருஷம், அதாவது அஞ்சுல ரெண்டு பங்கு. அந்தச் சுவருக்கு ஆகற செலவு 100 பங்குன்னா உங்ககிட்ட நியாயமா பிடிக்கக்கூடியது 40. மொத்த வீட்டுக்கும் சேத்து முழுசா பிடிச்சா, மூணு வருஷப் பழைய பெயின்ட்ட குடுத்துட்டு புதுசு வாங்கிக்கறாங்கன்னு அர்த்தம். இங்கிலாந்துல டெபாசிட் தகராறு தீக்கறவங்க இதுக்கு பெட்டர்மென்ட்னு பேரு வெச்சிருக்காங்க, ஓனர் முன்ன இருந்தத விட மேலான நிலைக்குப் போகக்கூடாதுங்கறது அங்க விதி.

ஜெர்மனி உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போச்சு. வீடு எப்படி இருக்குன்னு பாக்காம, இத்தனை வருஷத்துக்கு ஒருக்கா குடியிருக்கறவர் பெயின்ட் அடிச்சே தீரணும்னு கறாரா எழுதற ஷரத்து செல்லாதுன்னு 2004ல சொன்னாங்க. வர்றப்பவே பெயின்ட் அடிக்காம குடுத்த வீட்ட, தக்க ஈடு எதுவும் தராம, குடியிருக்கறவர் தலையில பெயின்ட் வேலைய கட்டவும் முடியாதுன்னு 2015ல சொன்னாங்க. கையெழுத்து போட்டிருந்தாலும் தான்.

காச நடுவுல வெச்சா என்ன ஆகும்

சில நாடுங்க ஓனர நல்லவரா மாத்தப் பாக்கல, காச அவர் கையிலேர்ந்து எடுத்துடுச்சு.

ஆஸ்திரேலியால நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977லயே வாடகை டெபாசிட்டுக்குன்னு ஒரு அரசு வாரியம் வெச்சுச்சு, டெபாசிட் அங்க போய் உக்காந்துடும். காலி பண்ணினவர் காசு வேணும்னு விண்ணப்பிச்சா ஓனருக்கு தகவல் போகும், 14 நாளைக்குள்ள அவர் தீர்ப்பாயத்துக்குப் போகலன்னா காசு குடியிருந்தவருக்கே போயிடும். மேல சொன்ன சாவி கதையோட வெச்சுப் பாருங்க. சாவி கதையில சும்மா இருந்தா ஓனருக்கு லாபம், நியூ சவுத் வேல்ஸ்ல சும்மா இருந்தா ஓனருக்கு நஷ்டம். ஆளுங்க அதே ஆளுங்க தான்.

இங்கிலாந்துல 2007 ஏப்ரல்லேர்ந்து வழக்கமான தனியார் வாடகைக்கு வாங்கற டெபாசிட்ட அரசு அங்கீகாரம் குடுத்த திட்டத்துல பாதுகாக்கணும், இப்ப அதுக்கு 30 நாள் கெடு. தவறினா டெபாசிட்டப் போல ஒண்ணுலேர்ந்து மூணு மடங்கு வரைக்கும் குடியிருக்கறவருக்கு நஷ்டஈடு தரச் சொல்லி கோர்ட் உத்தரவு போடும். தகராறு வந்தா திட்டத்துக்காரங்களே கட்டணம் இல்லாம தீத்து வைக்கறாங்க, பிடிக்கணும்னு சொல்ற ஓனர் தான் ஆதாரம் காட்டணும், வர்றப்ப எடுத்த லிஸ்ட் இல்லன்னா பெரும்பாலும் தோத்துடுவாரு. 2019லேர்ந்து டெபாசிட்டுக்கே உச்சவரம்பு, வருஷ வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழன்னா அஞ்சு வார வாடகை தான்.

ஜெர்மனில மூணு மாச வாடகைக்கு மேல வாங்க முடியாது, அதையும் மூணு தவணையா கட்டலாம், ஓனர் தன் சொந்தக் காசோட கலக்காம தனியா வைக்கணும், வட்டி குடியிருக்கறவருக்கு. கலிபோர்னியால காசு ஓனர்கிட்ட தான் இருக்கும், ஆனா 21 நாளைக்குள்ள என்னத்துக்கு எவ்வளவு பிடிச்சோம்னு எழுதிக் குடுத்து மிச்சத்தத் தரணும், கெட்ட எண்ணத்தோட பிடிச்சு வெச்சது தெரிஞ்சா கூடுதலா ரெண்டு மடங்கு வரைக்கும் கோர்ட் போடலாம்.

இப்ப தமிழ்நாட்டுச் சட்டம். 2017ல வந்து 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைக்கு மேல டெபாசிட் வாங்கக்கூடாதுங்குது, காலி பண்ணி ஒரு மாசத்துல திருப்பித் தரணும்ங்குது. படிக்க நல்லா தான் இருக்கு. ஆனா அந்த மூணு மாசப் பிரிவு தொடங்கறதே "இதுக்கு மாறா ஒப்பந்தம் இருந்தா ஒழிய"ங்கற அர்த்தத்துல தான். அச்சடிச்ச ஒப்பந்தத்த எழுதறது யாரு? ஓனர். அப்ப மாறா எழுதிக்கறது அவருக்கு ஒரு வரி வேலை. காசும் அவர்கிட்டயே இருக்கு, நடுவுல வைக்க ஏற்பாடு இல்ல. ஒன்றிய அரசு 2021ல மாநிலங்களுக்கு ஒரு மாதிரியா வெளியிட்ட வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு ரெண்டு மாசம்ங்குது, காசு இருக்கற கை அங்கயும் ஓனர் கை தான், அதுவும் மாநிலங்கள் தனியா சட்டம் போட்டாத் தான் நடைமுறைக்கு வரும்.

கம்பெனின்னா என்ன மாறுது

கம்பெனி சந்தால அட்வான்ஸ் கிடையாது, அதுக்குப் பதிலா உங்க கார்டு நம்பர் அவங்ககிட்ட இருக்கு. விஷயம் ஒண்ணு தான், நீங்க சும்மா இருந்தா காசு போகும். சேர்றது ஒரு தட்டு, வெளிய வர்றது ஒரு பயணம்.

அமேசான் ப்ரைம் கேஸ் இதுக்கு நல்ல உதாரணம். அமெரிக்க வணிக ஆணையம் 2023 ஜூன்ல போட்ட வழக்குல, சந்தாவ நிறுத்தற வழிக்கு கம்பெனிக்குள்ள வெச்சிருந்த பேரு இலியட்னு சொல்லியிருந்தாங்க, அதாவது முடியவே முடியாத அந்த கிரேக்கப் போர்க் காவியம். நாலு பக்கம், ஆறு க்ளிக், பதினஞ்சு ஆப்ஷன் தாண்டணும். பேரு வெச்சவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி தான். 2025 செப்டம்பர்ல தப்ப ஒத்துக்காமலே 250 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு, 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்கு.

அபராதம் பெருசு தான், ஆனா டீஃபால்ட்ட மாத்தற விதி இத விட அடக்கமா வேலை செய்யும்:

1. ஜெர்மனில 2022 ஜூலைலேர்ந்து இணையத்துல சந்தா விக்கற கம்பெனி, ஒப்பந்தத்த முடிக்கற பட்டன அதே தளத்துல கண்ணுல படற மாதிரி வைக்கணும். வைக்கலன்னா வாடிக்கையாளர் முன்னறிவிப்பு இல்லாம எந்த நேரமும் ஒப்பந்தத்த முடிச்சுக்கலாம். பட்டன ஒளிச்சு வெச்சா நஷ்டம் கம்பெனிக்கு.

2. இந்தியால ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர்லேர்ந்து கார்டுல தானா காசு எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வந்தாகணும், ஒரு வரம்புக்கு மேல போனா ஒவ்வொரு தடவையும் நீங்க ஒத்துக்கணும். ஆரம்பத்துல பல கம்பெனி சந்தா திடுதிப்புன்னு நின்னு போச்சு, எல்லாரும் திட்டினாங்க, ஆனா மறந்து போன சந்தாவெல்லாம் அப்ப தான் ஞாபகம் வந்துச்சு.

3. அமெரிக்க வணிக ஆணையம் சேர்ற அளவுக்கு விலகறதும் சுலபமா இருக்கணும்னு 2024 அக்டோபர்ல ஒரு விதி கொண்டு வந்துச்சு, 2025 ஜூலைல மேல்முறையீட்டு நீதிமன்றம் அத ரத்து பண்ணிடுச்சு. விதி கெட்டதுன்னு சொல்லல, போட வேண்டிய பொருளாதார ஆய்வ ஆணையம் முறைப்படி போடலன்னு சொல்லிடுச்சு.

கேட்டாத் தர்றதும் கேக்காமலே தர்றதும்

ஐரோப்பால விமானம் ரொம்ப தாமதமானாலோ ரத்தானாலோ பயண தூரத்தப் பொறுத்து 250, 400, 600 யூரோ நஷ்டஈடு உண்டு, 2004ல போட்ட விதி. ஆனா பயணி கேக்கணும். கேக்காதவங்க காசு விமான கம்பெனிகிட்டயே தங்கிடும், கேட்டு வாங்கித் தர்றேன்னு கமிஷனுக்கு தனி கம்பெனிங்களே மொளைச்சிருக்கு, அதுலயே தெரியுது எவ்வளவு பேரு கேக்காம விடறாங்கன்னு. 2024 ஏப்ரல்ல அமெரிக்கா வேற மாதிரி எழுதுச்சு: விமானம் ரத்தாகி பயணி மாற்று ஏற்பாட்ட ஏத்துக்கலன்னா டிக்கெட் காச கேக்காமலே திருப்பணும், கார்டுல கட்டினதுக்கு ஏழு வேலை நாள். "கேட்டா"ங்கற ஒரு வார்த்த இருக்கா இல்லையாங்கறது தான் வித்தியாசம்.

கேக்க மாட்டாங்கங்கறது கம்பெனிங்களுக்கு யூகம் கிடையாது, கணக்குப் புத்தகத்துலயே அதுக்கு எடம் இருக்கு. கிஃப்ட் கார்டு வாங்கினவங்கள்ல ஒரு பகுதி பயன்படுத்தாமலே விட்டுடுவாங்க, அந்தப் பகுதிக்கு பிரேக்கேஜ்னு பேரு, அத மதிப்பிட்டு வருமானமா காட்டலாம்னு கணக்கியல் விதியே அனுமதிக்குது. நம்ம மறதிக்கு ஆடிட் ஆன வரி ஒண்ணு இருக்கு.

பொருள் வாங்கறதுலயும் இதே தான். ஐரோப்பிய விதிப்படி வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது விக்கறப்பவே இருந்ததா எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். 1999ல இது ஆறு மாசமா இருந்துச்சு. அந்தக் கெடு தாண்டிட்டா "நீங்க தான் கீழ போட்டிருப்பீங்க"ங்கறதுக்கு பதில் சொல்ல வேண்டியது நீங்க.

கோர்ட்டுக்கே வர விடாத ஷரத்து

அச்சடிச்ச ஒப்பந்தத்துல யாரும் படிக்காத ஒரு பத்தி இருக்கும்: தகராறு வந்தா கோர்ட்டுக்குப் போகக்கூடாது, தனியார் நடுவர்கிட்ட தனித்தனியா தான் வரணும், பல பேர் சேந்து ஒரே வழக்கா போடக்கூடாது. இதுக்கு ஆர்பிட்ரேஷன் ஷரத்துன்னு பேரு. அமெரிக்கால இது எங்க பாத்தாலும் இருக்கு.

2011ல அங்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஏடி அண்ட் டிங்கற போன் கம்பெனி கேஸ்ல தகராறு எவ்வளவு தெரியுமா? 30 டாலர் 22 சென்ட். இலவச போன்னு விளம்பரம் பண்ணிட்டு விற்பனை வரிய மட்டும் வாங்கிட்டாங்க. ஒருத்தர் இதுக்காக தனியா நடுவர்கிட்ட போவாரா? பல பேரு சேந்தா தான் வழக்கே நிக்கும். ஆனா 5க்கு 4ன்னு கோர்ட் கம்பெனி பக்கம் சாஞ்சுடுச்சு, ஷரத்து செல்லும்னு.

அப்புறம் நடந்தது தான் சுவாரசியம். நடுவர் கட்டணத்துல பெரும்பகுதிய கம்பெனியே கட்டும்னு பல ஒப்பந்தத்துல அவங்களே எழுதி வெச்சிருந்தாங்க, யாரும் வர மாட்டாங்கங்கற தைரியத்துல. வக்கீலுங்க அதப் பிடிச்சுக்கிட்டாங்க. டோர்டாஷ்ங்கற சாப்பாட்டு ஆப்புக்கு டெலிவரி பண்றவங்க 5,000 பேருக்கு மேல ஆளுக்கொரு மனுவா போட்டாங்க, கட்டணம் பெரிய தொகையா வந்து நின்னுச்சு, கம்பெனி கட்டாம நழுவப் பாத்துச்சு, 2020 பிப்ரவரில நீதிபதி நீங்க எழுதின ஒப்பந்தத்துபடி நீங்களே கட்டுங்கன்னுட்டாரு. அமேசான் மேல அலெக்சா ஒலிப்பதிவு விஷயமா 75,000க்கு மேல மனு குவிஞ்சதும் 2021ல அந்த ஷரத்தையே எடுத்துட்டு கோர்ட்டுக்கு வாங்கன்னுடுச்சு. சும்மா இருந்தா லாபம்ங்கறது மாறினதும் கொள்கை எவ்வளவு வேகமா மாறுது பாருங்க.

அடுத்த தடவை செய்தில ஒரு விதி வந்தா

"வாடகைதாரருக்கு பெரிய நிம்மதி", "கம்பெனிகளுக்கு கடிவாளம்"னு தலைப்பு வரும். உள்ள இத மட்டும் தேடுங்க:

1. தகராறு முடியற வரைக்கும் காசு எங்க இருக்கும்?
2. கெடு நாள் இருக்கா, தாண்டினா யாருக்கு நஷ்டம்?
3. ஆதாரம் காட்ட வேண்டியது யாரு?
4. "மாறான ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்", "கோரினால்" மாதிரி வார்த்த எங்கயாவது ஒளிஞ்சிருக்கா?

இந்த நாலுக்கும் பதில் பழையபடியே இருந்தா தலைப்ப நம்பி வீடு பாக்கப் போகாதீங்க.

விதி மாறற வரைக்கும் வாடகைக்கு இருக்கறவங்க கையில இருக்கறது கொஞ்சம் தான், ஆனா இருக்கு. சாவி வாங்கற நாள் சாமான் எறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ரூமா வீடியோ எடுத்து அன்னிக்கே ஓனருக்கு அனுப்பிடுங்க, அனுப்பின தேதி தான் உங்க சாட்சி. குழாய், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, மீட்டர் ரீடிங் எல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதிக்கணும். கடைசியா எப்ப பெயின்ட் அடிச்சாங்கன்னு கேட்டு அதையும் எழுதுங்க, அந்த தேதி இல்லாம மேல போட்ட அஞ்சுல ரெண்டு பங்கு கணக்கே போட முடியாது. காலி பண்றப்ப வண்டி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஓனர வரவழைச்சு அதே லிஸ்ட்ட வெச்சு சுத்திக் காட்டுங்க, எதுக்கு எவ்வளவு பிடிக்கறாருன்னு அதுலயே எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுடணும். அதுக்கப்புறம் சாவியக் குடுங்க, பெயின்டர் எப்ப வேணா வரட்டும்.